ஹென்க்குக்கு அடித்த மணி

நெதர்லாந்திலிருந்து கிளம்பும்போது ஹென்க் எனக்கு மூன்று கட்டளைகள் கொடுத்தார். "ஜெனி, குலுக்காதே. திறக்காதே. ஈரம் படவிடாதே." பத்துக் கட்டளைகளையே ஒழுங்காகக் கடைப்பிடிக்காத குடும்பத்தில் பிறந்தவள் நான். மூன்றுதானே என்று தலையாட்டினேன். ஹென்க் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர். தினமும் மதியம் இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஒரு பாலாடைக்கட்டியை வைத்துத் தின்றுவிட்டு, அதைச் சாப்பாடு என்றே மனதார நம்புகிறவர்.

என் கைப்பையில் இருந்தது ஒரு சில்லு. பெரிய தபால்தலை அளவுதான் இருக்கும். அதைத் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டியில் வைத்து மூடி, காற்றுப் புகாத உறையில் போட்டு, பஞ்சு மாதிரி மெத்தை வைத்து, மேலே இன்னொரு பெட்டியும் போட்டிருந்தோம். விண்வெளித் தொலைநோக்கி ஒன்றுக்கு அது கண். நம் கண்ணுக்குத் தெரியாத தொலை அகச்சிவப்பு ஒளியை, நட்சத்திரம் பிறக்கிற குளிர்ந்த தூசியிலிருந்து வருகிற மங்கலான ஒளியை, அது பார்க்க வேண்டும். அதே இடத்துக்கு இன்னொரு நாட்டுக் குழுவும் ஒரு கண் செய்திருந்தது. இரண்டில் ஒன்றுதான் மேலே போகும். நாங்கள் செய்தவற்றில் ஒன்று விரிசல் விட்டது, ஒன்று கருகியது, மிச்சம் இது மட்டும்தான். இது பெங்களூரில் நடக்கும் சோதனையில் தேறாவிட்டால் எங்கள் குழுவை மூடிவிடுவார்கள். பிறகு நான் ஊருக்கு வந்து டியூஷன்தான் எடுக்க வேண்டும்.

பெங்களூர் போகுமுன் ரோஸி அக்காவை ஒரு நடை பார்க்கலாம் என்று நான் திருச்சியில் வந்து இறங்கியதும் பெங்களூரிலிருந்து போன் வந்தது. "எங்கள் குளிர்விப்பான் படுத்துவிட்டது. சில நாள் கழித்து வாருங்கள்" என்றார்கள். குளிர்விப்பான் இல்லாமல் சோதனை இல்லை. சரி, அதுவரை அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகலாம் என்று பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். அக்காவும் மாமாவும் வரதராசன்பேட்டைக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறார்கள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். துபாயில் கடை வைத்திருக்கிறாராம். கயிறு போட்டுக் கட்டிய அவருடைய அட்டைப் பெட்டிகள் பஸ்ஸின் பின்பாதியை ஆக்கிரமித்திருந்தன. என் மடியில் இருந்த பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வெளிநாட்டுலேர்ந்தா வர்றீங்க? இத்துனூண்டு பொட்டியோடவா?"

"ஆமாங்க."

"நான் வந்தேன்னா, அல்ஹம்துலில்லாஹ், வூட்டுல இருக்கற பூனை வரைக்கும் எதாச்சும் இருக்கும். உள்ள என்னம்மா?"

"நட்சத்திரத்தைப் படம் பிடிக்கிற சில்லுங்க. கேமரா மாதிரி."

"எத்தன மெகாபிக்சலு?"

"மெகா எல்லாம் இல்லைங்க. ஆயிரத்துச் சொச்சம் பிக்சல்."

"என் பேத்தி வச்சு வெளையாடுற போன்ல அதவிட ஜாஸ்திம்மா" என்றார் மெதுவாக. பிறகு பையைத் திறந்து ஒரு கை நிறையப் பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். ஐரோப்பாவில் ஆய்வுக்கு நிதி கேட்டு எவ்வளவோ மேடைகளில் பேசியிருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் யாரும் இரங்கியதில்லை.

பெரம்பலூரில் பஸ் மாறினேன். அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி ரோட்டைத் தாங்களே தின்றுவிட்டிருந்தன. என் பெட்டியின் மேல் ஒரு வெள்ளை வில்லை ஒட்டியிருந்தது. பலமாக அதிர்ந்தால் அது சிவப்பாகிவிடும். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்போது நான் சீட்டை விட்டு எழுந்து, பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அந்தரத்தில் தூக்கிப் பிடித்தேன். "உக்காரும்மா, விழுந்துடப் போற" என்றார் கண்டக்டர். நான் விழலாம், பெட்டி விழக்கூடாது என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. வில்லை வெள்ளையாகவே இருந்தது.

அக்கா வீட்டில் அன்று கருவாட்டுக் குழம்பும், பச்சை முந்திரிப் பருப்பு போட்ட கோழிக்கறியும். இரண்டு வருடம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்ற வாய், வெட்கத்தை விட்டுவிட்டது. சாப்பிடும்போது சவரிமுத்து மாமா என் தொழிலைப் பற்றி விசாரித்தார். மாமா சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம், அப்புறம் துக்க வீட்டுக்குப் போகிற கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது.

"ஏன் கொழுந்தியா, அத ஏன் அவ்வளவு குளுர்ல வைக்கணுங்கிற?"

"மாவு மில்லுக்குள்ள நின்னுக்கிட்டு ரகசியம் பேசுனா கேக்குமா மாமா? சூடா இருக்கற எல்லாமே அந்த மில்லு மாதிரி இரையும். நம்மளுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். அதோட சொந்தச் சூடே அதுக்கு இரைச்சல். மில்ல நிறுத்துனாத்தான் நட்சத்திரம் பேசுறது கேக்கும்."

"எத்தன டிகிரி?"

"மைனஸ் எரநூத்தி எழுவத்தி மூணுக்குத் துளி மேல."

"என்னுது மைனஸ் அஞ்சு வரைக்கும் போவும். கரண்டு ஒழுங்கா இருந்தா" என்றார் மாமா. கை கழுவிவிட்டு வந்து முடிவாகச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். நீ மேலோகத்தப் பாக்குற. நான் மேலோகத்துக்கு அனுப்பி வைக்குறேன்."

அக்கா சிரிக்கவில்லை. பீரோவின் மேல் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குளுர்லயே இருக்கறத இந்த வெயில்ல கொண்டாந்துருக்கியே. அதுக்குக் கஷ்டமா இருக்காதாடி?"

"இப்ப அது தூங்குதுக்கா. வெயிலெல்லாம் தெரியாது" என்றேன். அப்போதே இன்னும் நாலு வார்த்தை விளக்கமாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் காலை கங்கைகொண்ட சோழபுரம் கிளம்பினேன். அக்காவிடம் மூன்று கட்டளைகளையும் ஒப்பித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். மாமாவும் சொன்னார். நிம்மதியாக டவுன் பஸ் ஏறினேன்.

கோயிலில் கல்தரை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. செருப்பை வாசலில் விட்டவர்கள் எல்லாரும் ஆண் பெண் வித்தியாசமில்லாமல் குதித்துக் குதித்து ஓடினார்கள். நெதர்லாந்தில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் மல்லாந்துவிடுவார்கள். இங்கே கோயிலின் நிழல் நகர நகர ஜனங்களும் பாயை இழுத்துக்கொண்டு கூடவே நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். வெளியே ஓர் அம்மா முந்திரிப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். உப்புத் தொட்டுத் தின்றால் தொண்டை கட்டாது என்பார்கள். அது பொய். ஆசையில் ஏழெட்டுத் தின்றேன். பஸ் ஏறும்போது "ஒரு டிக்கெட்" என்று சொல்லக்கூடக் குரல் வரவில்லை.

அந்த பஸ்ஸில்தான் முன் சீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சவரிமுத்து வூட்டுல சாவாமே. மாதா கோயில்ல மணி அடிச்சுட்டாங்க."

"யாரு?"

"தெரியலக்கா. அவரு ஊருக்கெல்லாம் குடுக்குற ஐஸ் பொட்டி, அவரு வூட்டுக்குள்ளயே போயிருக்கு."

அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மாமாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. டிரைவர் வழியில் வண்டியை நிறுத்தி, யாரோ கொடுத்தனுப்பிய கேஸ் சிலிண்டரை இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் இறக்கி வைத்து, நலமும் விசாரித்தார். என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி, பின்னால் வந்த பால் கேன் மொபெட்டை மறித்து, இரண்டு கேன்களுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். வழி முழுக்க, நேற்று அக்கா பரிமாறிய கை மட்டுமே கண்ணில் நின்றது. ஆண்டவரே, அவளை எடுத்துக்கொள்ளாதேயும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். சில்லு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவில் இல்லை.

வாசலில் சாமியானா. மாமாவின் சிவப்பு நாற்காலிகளில் ஆண்கள் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் இறங்கியதுமே லூர்து அத்தை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அந்தத் தெருவில் எந்தச் சாவானாலும் முதல் குரல் அவருடையதுதான்.

"ஐயோ என் ராசாத்தி! ஏறுனதே தெரியலயே, எறங்கிப் போச்சே உந் தாலி!"

தாலியா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அக்கா?" என்று கேட்டேன். காற்றுதான் வந்தது.

"பாருங்கடி, அழுது அழுது தொண்டையே போயிருச்சு புள்ளைக்கு" என்றார் அத்தை. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் அழ ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தட்டில் டீ டம்ளர்களோடு ரோஸி அக்கா வந்தாள். நான் பாய்ந்து கட்டிக்கொண்டதில் டீ முழுக்க அத்தை மேல் போனது. பின்னாலேயே மாமாவும் முழுசாக வந்தார். அப்படியானால் பெட்டிக்குள் இருப்பது யார்?

கூடத்தில், ஃப்ரீசர் பெட்டியின் பனி படிந்த கண்ணாடிக்கு அடியில், அக்காவின் புது வெள்ளைத் துண்டின் மேல், என் அலுமினியப் பெட்டி படுத்திருந்தது.

"காலையில கரண்டு போயிருச்சு. ஃபேன் இல்ல, அனல் அடிக்குது" என்றார் மாமா, பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. "உங்கக்கா, பாவம் அது வாடுது வாடுதுன்னா. ஜெனரேட்டரு போட்டு இதுல வச்சுட்டேன். குலுக்கல, தெறக்கல, ஈரமும் படல. குளுரு உள்ள போவணும்ல, அதுக்காவ வெளிச்சட்டைய மட்டும் கழட்டுனேன்."

"உறையையா?" என்று காற்றாகக் கேட்டேன்.

"பொட்டியத் தெறக்கலயே! ஐஸ்ல வைக்கக் கூடாதுன்னு நீ சொல்லவே இல்லையே கொழுந்தியா."

உண்மைதான். எந்தக் கட்டளையும் மீறப்படவில்லை. ஆனால் குளிர்ந்த சில்லை இந்த ஊர்க் காற்றில் எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது மாதிரி வேர்த்துவிடும். ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் எல்லாம் முடிந்தது. ஃப்ரீசர் பெட்டியை நிறுத்திவிட்டு, மூடியைத் திறக்காமல், உள்ளே இருப்பது தானாக அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு மாலை ஆகிவிடும். அதுவரை ஒருவரும் மூடியைத் தொடக்கூடாது. தாளில் எழுதி மாமாவிடம் காட்டினேன். அவர் முகம் சுண்டிப் போனது. உடனே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

ஊர் எப்படி வந்தது என்பதை அக்கா சொன்னாள். ஃப்ரீசர் பெட்டி வீட்டுக்குள் போவதை எதிர்வீட்டுக் கோயில்பிள்ளை சின்னப்பன் பார்த்திருக்கிறார். கோயிலில் மணி அடிப்பது அவர் வேலை. வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாராம். வெள்ளைத் துணியில் சின்னப் பெட்டி. பக்கத்தில் கழற்றிப் போட்ட வெளிப்பெட்டியில், அனுப்பியவர் ஹென்க் என்று பெயர். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெனி அங்கே ஒரு வெள்ளைக்காரனைச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள், அவன் செத்துப்போனான், சாம்பலைக் கொண்டு வந்திருக்கிறாள். நேராகப் போய்த் துக்கமணி அடித்துவிட்டார்.

"சாம்பலுக்கு எதுக்குய்யா ஐஸ் பொட்டி?" என்று ஒருவர் சந்தேகம் கேட்டாராம்.

"வெள்ளக்காரன்ல. வெயில் தாங்க மாட்டான்" என்றிருக்கிறார் சின்னப்பன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

மாமா வாசலில் நின்று, ஒருத்தரும் சாகவில்லை என்று அறிவித்தார். யாரும் நகரவில்லை. சாவுக்கு வாங்கிய மாலையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது; அது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே வரிசையாக வந்து, மூடிய பெட்டியின் மேலேயே மாலைகளைப் போட்டார்கள். லூர்து அத்தை மட்டும் மூடியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொகத்த ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடுறேன் தாயி."

"மொகமே இல்ல அத்தை. அது ஒரு கண்ணு" என்றேன், அரைகுறையாகத் திரும்பியிருந்த குரலில்.

"யாரோட கண்ணு?"

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் ஹென்க்.

"யாருடி அது?"

"ஹென்க், அத்தை."

அத்தை கைப்பிடியை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "சேசுவே! செத்தவரு நல்லா செவசெவன்னுல்ல இருக்காரு!" தெருவே என் தோளுக்குப் பின்னால் திரண்டது. ஹென்க் எல்லாருக்கும் கை அசைத்தார். சிலர் பதிலுக்கு அசைத்தார்கள், சிலர் கும்பிட்டார்கள்.

"சில்லு நலமா?" என்று கேட்டார் ஹென்க்.

"ஓய்வெடுக்கிறது" என்றேன்.

"பின்னால் என்ன, அவ்வளவு பூ?"

உண்மையைச் சொல்லத் தொண்டையும் இல்லை, தைரியமும் இல்லை. "வரவேற்பு" என்றேன்.

"என்ன அன்பான ஊர்!" என்று நெகிழ்ந்து போய் வைத்துவிட்டார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, இந்த முறை நிஜ அழுகை. இது செத்துவிட்டதா பிழைத்திருக்கிறதா என்று பெங்களூர் போனால்தான் தெரியும், செத்திருந்தால் எங்கள் குழுவே இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவினார்.

"அழுவுறதுக்குன்னு வந்தோம். செபமாலையாச்சும் சொல்லிட்டுப் போறோம். பொழைச்சுக்கும், வுடு" என்றார். பெட்டியைச் சுற்றி எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். செபமாலை, மன்றாட்டு, இன்னொரு செபமாலை, நடுவில் பொரி உருண்டை, மறுபடி மன்றாட்டு. செபம் நடக்கும்போது கை நீட்டி மூடியைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? வெயில் தாழ்ந்தபோது கண்ணாடியில் பனி இல்லை. மூடியைத் திறந்து அலுமினியப் பெட்டியைத் தொட்டேன். என் கை அளவு சூடு. வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை. உள்ளே எப்படியோ, அது யாருக்கும் தெரியாது.

கூட்டம் கலைந்தது. சின்னப்பன் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"மணி அடிச்சாச்சு. ஆளு இல்ல" என்றார்.

"வுடுங்கண்ணே, தப்பா அடிச்சதுதானே" என்றார் மாமா.

"அடிச்ச மணி சும்மா அடங்காது சவரிமுத்து. ஆளத் தேடும். இந்தத் தெருவுலயே வயசானவன் நாந்தான்."

மறுநாள் நான் கிளம்பும்போது சின்னப்பன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். கஞ்சி வேண்டாம் என்றுவிட்டாராம். ஆண்டவர் வந்து கூப்பிடும்போது வயிறு காலியாக இருந்தால் சௌகரியமாம். மாமா ரகசியமாக என்னிடம், "ஃப்ரீசர் பொட்டி பிரீயான்னு கேட்டாருடி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

பெங்களூருக்கு ஹென்க்கும் வந்து சேர்ந்தார். அரியலூர் சாலை முழுக்க வெள்ளையாக இருந்த வில்லை, அங்கே ஒருவர் பெட்டியைப் பளபளவென்ற மேசையில் 'தொப்'பென்று வைத்ததும் சிவப்பாகிவிட்டது. சில்லைக் குளிர்விப்பானுக்குள் வைத்து, படிப்படியாக அந்தக் கடைசிக் குளிருக்குக் கொண்டுபோவதற்கே சில நாட்கள் பிடித்தன. அதுவரை ஹென்க் உணவகத்துத் தயிர்சாதத்துக்குள் பாலாடைக்கட்டியைத் தேடினார். நான் எதையும் சாப்பிடவில்லை.

பிறகு திரையில் முதல் கோடு எழுந்தது. ஒரு பிக்சல் விழித்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, வரிசை வரிசையாக எல்லாம். நான் வாய்க்குள் மன்றாட்டு சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையில், ஓரத்தில், ஒன்று மட்டும் எழவில்லை. எவ்வளவோ தட்டிப் பார்த்தோம், அசையவில்லை. ஹென்க் என் பக்கம் திரும்பி, "ஆயிரத்தில் ஒன்றுதான். அவர்களுடையதில் இதைவிட அதிகம் போயிருக்கிறது. மேலே போவது நம்முடையதுதான்" என்றார். ஓவென்று அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு ரொட்டித் துண்டை நீட்டினார்.

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"தேறிருச்சு மாமா! எல்லாம் உசுரோட இருக்கு. ஓரத்துல ஒண்ணே ஒண்ணுதான் போயிருச்சு."

மறுகணமே செருப்புக்கூடப் போடாமல் மாமா தெருவைக் கடந்து ஓடுவது கேட்டது. "அண்ணே! சின்னப்பண்ணே! எந்திரிங்க! மணிக்கு ஆளு கெடச்சாச்சு! பெங்களூர்ல ஒண்ணு போயிருச்சாம்!"

கட்டில் கிறீச்சிட்டது. "நெசமாவா?" என்ற குரல், அதன் பின்னாலேயே, "ஏ புள்ள, அந்தக் கஞ்சிய எடு, கருவாடு இருந்தா சுடு" என்ற குரல். எத்தனையோ ஆய்வு முடிவுகளை அறிவித்திருக்கிறேன். ஒரு மனுஷரைக் கஞ்சி குடிக்க வைத்தது இது ஒன்றுதான்.

போன் லூர்து அத்தை கைக்குப் போனது. "ஒண்ணுன்னாலும் உசுரு உசுருதான் தாயி. அது ஆத்துமாவுக்கு முப்பதாம் நாள் பூசை வச்சுருவோம். சாமியாருக்கிட்ட எழுதிக் குடுக்கணும், பேரு என்ன?"

ஓரத்துப் பிக்சலுக்கு என்ன பெயர் இருக்கும்? யோசித்தேன்.

"ஹென்க்குன்னே எழுதிருங்க அத்தை."

தன் பெயர் காதில் விழுந்து ஹென்க் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். உங்கள் பெயரில் கோயிலில் பூசை வைக்கிறார்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தன் நன்றியைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.